பார்க்காத ரத்தத்துக்கு என் கையெழுத்து இல்லை

கார்த்தி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ பாதியில் விட்டு எழுந்துபோன தட்டை உன் அப்பா மூடிவைத்தார். சாயங்காலம் நான்தான் சாப்பிட்டேன். வாழைக்காய் வறுவல் நன்றாகத்தான் இருந்தது. கோபித்துக்கொண்டு போகிறவன் அதையாவது தின்றுவிட்டுப் போயிருக்கலாம். அதற்குப் பிறகு ஒன்பது நாளாக எனக்குப் போன் இல்லை. அப்பாவிடம் மட்டும் பேசி, "அம்மா என்ன முடிவு பண்ணியிருக்கா?" என்று விசாரிக்கிறாயாம். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியும் என் முடிவை முன்கூட்டிச் சொல்லத் தெரியாத மனிதரிடம் போய்க் கேட்கிறாயே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நானே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட மாட்டேன்.

இதை உனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் அனுப்பியிருக்கலாம். நீயும் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாய். ஆனால் என்னிடம் நீட்டியதை நாளைக்கு இன்னும் பல பேரிடம் நீட்டத்தானே போகிறாய்? அவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான், எங்கள் லேப் டெக்னீஷியன்கள் சேர்ந்து நடத்துகிற மாத இதழில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெற்ற பிள்ளையை ஊர் நடுவில் நிறுத்தி வைத்துப் பேசுகிறாளே என்று உனக்கு ஆத்திரம் வரும். வரட்டும். உன் கம்பெனியின் பெயரை எழுதவில்லை, என் லேபின் பெயரையும் எழுதவில்லை. அந்த அளவு மரியாதை போதும் என்று நினைக்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் முப்பத்தோரு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் ரிப்போர்ட்டின் அடியில் வலது பக்கம் டாக்டருடைய கையெழுத்து இருக்கும். இடது பக்கம், 'சரிபார்த்தவர்' என்று அச்சிட்ட இடத்தில் என்னுடையது. நீ வேலை செய்கிற கம்பெனி லேப்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிறது. மெஷின் தரும் எண்களை அது வாங்கி, அந்த நோயாளியின் பழைய எண்களோடு ஒப்பிட்டு, வித்தியாசமாக ஒன்றும் இல்லை என்று அதற்குப் பட்டால் மனிதர் யாரும் பார்க்காமலேயே ரிப்போர்ட்டை நோயாளியின் போனுக்கு அனுப்பிவிடும். குன்றத்தூரிலிருந்து மறைமலை நகர் வரை பதினான்கு லேப்களை இப்படி இணைக்கிறீர்கள். எங்கள் டாக்டரும் சேர்ந்துவிட்டார். வருகிற முதல் தேதியிலிருந்து எல்லாம் ஓட வேண்டும். பதினான்கு லேபுக்கும் இடது பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரின் கையெழுத்து வேண்டும். அது அம்மாவுடையதாக இருக்கட்டுமே என்று கண்டுபிடித்தவன் நீ.

நல்ல மனதோடுதான் கண்டுபிடித்தாய். அதை நான் மறுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உன் கம்பெனியின் தொடுதிரையை வைத்துவிட்டு என்ன சொன்னாய்? "கால் வலி, கால் வலின்னு சொல்றல்ல? இனிமே நிக்கவே வேணாம்மா. வீட்ல உக்காந்துக்கோ. ஒரே ஒரு தடவ இதுல விரலால சைன் பண்ணு, போதும். மிச்சத்த எல்லாம் சிஸ்டம் போட்டுக்கும்." உட்கார்ந்த இடத்தில் சம்பளம், காலுக்கு ஓய்வு, பிள்ளைக்குப் பதவி உயர்வு. வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு போட்டிருப்பாள்.

உனக்கு ஒரு நினைப்பு இருக்கிறது: அம்மாவுக்கு மெஷின் என்றால் பயம், பழைய காலத்து ஆள். அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒவ்வொரு செல்லாக எண்ணினோம். மழைக்காலத்தில் காய்ச்சல்காரர்கள் வரிசையில் நிற்க, எண்ணி எண்ணிக் கண்ணில் நீர் வழியும். அப்போது அனலைசர் மெஷின் வாங்கியே ஆக வேண்டும் என்று டாக்டரோடு சண்டை போட்டது யார்? நான். அது வந்த அன்று அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டியதும் நான்தான். கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் அடிக்க, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிறது என்று வெட்கப்படாமல், காலேஜ் பசங்களோடு உட்கார்ந்து டைப்பிங் கற்றேன். உன் சாஃப்ட்வேரையும் நான் திட்டவில்லை. சோதனைக்காக ஓடிய ஒரு மாதத்தில், சாப்பாட்டுக்குப் பிறகான தூக்கக் கலக்கத்தில் நான் ஒரு புள்ளியை இடம் மாற்றி அடித்ததை அது பிடித்துக் காட்டியது. எனக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. ஆனாலும் அதற்கு நன்றி சொன்னேன், நிஜமாகவே வாய்விட்டுச் சொன்னேன், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதே மாதத்தில்தான் அந்த வளையல் பெண்ணும் வந்தாள். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உனக்கு அது ஒரு புகார் எண்ணாகத்தான் தெரியும். முதல் நாள் வளைகாப்பு முடிந்து, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ரப்பர் பட்டை கட்டவே இடமில்லை. ஒவ்வொன்றாக மேலே தள்ளி, உடைந்துவிடாமல் பிடித்துக்கொண்டு ரத்தம் எடுத்தேன். "உடைஞ்சா எங்க மாமியார் என்னைக் கொன்னுடுவாங்க மேடம்" என்று சிரித்தாள். போன் நம்பர் கேட்டதற்குக் கணவனுடைய நம்பரைச் சொன்னாள். நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான், வீட்டுக்கே ஒரு நம்பர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் ரிப்போர்ட் அந்த ஒரு பையனின் போனுக்குத்தான் வரும். உன் சாஃப்ட்வேருக்கு ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள். அதே நம்பரில் அவளுடைய மாமியார் மூன்று வருடமாக எங்களிடம் சர்க்கரை பார்க்கிறார், எப்போதும் இருநூறுக்கு மேல். அன்றைக்கு இந்தப் பெண்ணுக்கும் இருநூற்று முப்பது வந்தது. சாஃப்ட்வேர் பழைய எண்களைப் பார்த்தது, இந்த ஆளுக்கு இது வழக்கம்தான் என்று முடிவு கட்டியது, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பச்சை விளக்கைப் போட்டது. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு!

சோதனை மாதம் என்பதால் வெளியே போகும் முன் நானும் பார்ப்பேன். அந்த எண்ணைத் திரையில் பார்த்ததும் எனக்கு அந்த வளையல் கைதான் ஞாபகம் வந்தது. ரிப்போர்ட்டை நிறுத்தி, அவளைத் திரும்ப வரச்சொல்லி, மறுபடி எடுத்துப் பார்த்து, அவளுடைய டாக்டருக்கு நானே போன் பண்ணினேன். நீ இரண்டு நாளில் அதைச் சரிசெய்துவிட்டாய். கெட்டிக்காரன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி நீ பேசியது இருக்கிறதே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

"அது ஒரு எட்ஜ் கேஸ்மா. ஆயிரத்துல ஒண்ணு. ஃபிக்ஸ் பண்ணியாச்சு, முடிஞ்சிருச்சு."

"அந்த ஒண்ணு யாருடா?"

"யாரா இருந்தா என்னம்மா? நீங்க மனுஷங்க பாத்தப்போ மட்டும் தப்பே நடக்கலையா? உன் முப்பது வருஷத்துல நீ ஒரு தப்புகூட பண்ணினதில்லையா?"

நான் கரண்டியை எடுத்து ரசத்தைக் கலக்கினேன். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாய். தொடுதிரையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினாய். நான் அதை ரசம் கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். "நீங்கள்லாம் மாறவே மாட்டீங்க" என்று எழுந்து போய்விட்டாய். நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது கார்த்தி. பதினோரு வருடமாக இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நம் வீட்டுக்கு ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் தூக்குவாளியில் கஞ்சி வருமே, பல்லாவரத்திலிருந்து. கொண்டுவருகிறவரைக் காதர் பாய் என்று இங்கே எழுதுகிறேன், அவருடைய உண்மைப் பெயர் உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டிரில்லிங் மெஷின், ஸ்பானர், மோட்டார் எல்லாம் விரித்து விற்பவர். என் ரிப்போர்ட்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர். நீயும் அந்தக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தவன்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், சந்தையில் வெயிலில் அவர் மயங்கி விழுந்தார். பக்கத்து டாக்டர் டெஸ்ட் எழுதினார். எங்கள் லேப் ஆள் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு பைக்கில் வந்தான், குரோம்பேட்டையில் நெரிசலில் மாட்டி, அந்த டியூப் வெயிலில் வெகுநேரம் குலுங்கியபடி வந்து சேர்ந்தது. ரத்தம் அப்படிக் குலுங்கினால் உள்ளே சிவப்பணுக்கள் உடையும், உடைந்தால் பொட்டாசியம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இது எங்கள் தொழிலில் முதல் வருடப் பாடம். டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு நொடி பார்த்தால் போதும். மேலே தெளிந்து நிற்கிற நீர் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும், சிவந்திருந்தால் அந்த எண்ணை நம்பக்கூடாது. அன்றைக்கு நான் பார்க்கவில்லை. மெஷினில் எண் வந்தது, பொட்டாசியம் ஏழு, ஆளையே கொல்லக்கூடிய அளவு, எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், அவசரம் என்று டாக்டருக்கும் சொன்னேன். ஏன் பார்க்கவில்லை தெரியுமா? அன்றைக்கு உன் பிளஸ் டூ ரிசல்ட். உன் நம்பரை எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். உன்மேல் பழி போடவில்லை. ஓடியது என் கால்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பொட்டாசியத்தை இறக்க மருந்து ஏற்றினார்கள். அங்கே மறுபடி ரத்தம் எடுத்தார்கள், ஆனால் அந்த ரிப்போர்ட் வருவதற்குள் மருந்து பாதி ஏறிவிட்டது. இல்லாத ஏற்றத்தை இறக்கப் போய், அவருடைய இதயத் துடிப்பு தாறுமாறாகி, நான்கு நாள் ஐசியூவில் கிடந்தார். எனக்கு விவரம் வந்தது மூன்றாம் நாள். ஃபிரிட்ஜைத் திறந்து அவருடைய பழைய டியூபை எடுத்தேன். மேலே இருந்த நீர் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. அதைக் கழிவுப் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் சொல்லவில்லை. பிழைத்து வந்த மனிதர் நேராக லேபுக்கு வந்து, "உங்க ரிப்போர்ட்டாலதான் மேடம் பொழச்சேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. வருடா வருடம் கஞ்சியை வாங்கிக்கொண்டேன். வெட்கமில்லாமல் தூக்குவாளியைக் கழுவிக் கொடுத்தேன்.

ஆக, நீ கேட்டாயே, தப்பே பண்ணினதில்லையா என்று. பண்ணியிருக்கிறேன். உன் சாஃப்ட்வேர் என்ன செய்கிறதோ அதையேதான் அன்று நானும் செய்தேன். டியூபைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். மனிதர் என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தார். "இன்னா மேடம், சந்தைப் பக்கம் வந்துகீறீங்க? மோட்டாரு ஏதுனா வோணுமா?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப அன்னிக்கி எனக்கு ஒண்ணியுமே இல்லியா?"

"இல்ல பாய். வெயில்ல வந்த மயக்கம். வீட்ல படுத்திருந்தா சரியாகியிருக்கும்."

"அந்த நாலு நாள்லதான் மேடம் எம் பொண்ணு நிக்கா. நா போவல. எந்தம்பிதான் நின்னு பொண்ண குட்த்தான். போட்டோல எங்கியும் நா இல்ல." ஸ்பானரைக் கீழே வைத்தார். "உங்களுக்கு வருசா வருசம் கஞ்சி எட்த்தாந்தேன்."

கல்யாண விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. நின்ற இடத்திலேயே அழுதேன். பழைய இரும்பு வாங்க வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"இது வேற யாருக்குனா தெரியுமா?" என்று கேட்டார்.

"யாருக்கும் தெரியாது."

"பின்ன இன்னாத்துக்கு இப்ப வந்து சொல்றீங்க?"

"அந்தப் பேப்பர்ல என் கையெழுத்து இருக்கு பாய்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "நீங்க போங்க மேடம். நா கொஞ்சம் ரோசனை பண்ணணும்" என்றார். நேராக லேபுக்குப் போய் டாக்டரிடமும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இந்தக் கடிதத்தில் எழுதிக்கொள்ள காதர் பாயிடம் சனிக்கிழமை போனில் அனுமதி கேட்டேன். "பேர மட்டும் மாத்திக்கோங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

இப்போது நீ சொல். உன் பதினான்கு லேபில், நான் பார்க்காத டியூபிலிருந்து, நான் பார்க்காத எண் ஒன்று, என் கையெழுத்தோடு போகிறது. காட்டாங்கொளத்தூரில் ஒரு மனிதர் அதை நம்பி மருந்து சாப்பிடுகிறார். தப்பாகிவிட்டால் அவரிடம் போய் நிற்பது யார்? நானா? எனக்குத்தான் அவர் யாரென்றே தெரியாதே. நீயா? உன் பெயர் அந்தக் காகிதத்தில் இல்லையே. "சப்போர்ட் டீமுக்கு மெயில் போகும்மா" என்பாய். மெயில் போகட்டும். மெயில் சந்தைக்குப் போய் அந்த மனிதர் முன்னால் நிற்குமா? பதினோரு வருடம் தாமதமாகப் போனவள்தான் நான், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் என்றைக்காவது போயே ஆக வேண்டும் என்று என்னை அரித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கையெழுத்துதான். அதைக் கழற்றி உன் மெஷினிடம் கொடுத்துவிட்டால் யாரை எது அரிக்கும்?

உன்னை நான் வேலையை விடச் சொல்லவில்லை. இன்னும் நன்றாகச் செய் என்கிறேன். ஒரே நம்பரில் நான்கு பேர் இருப்பார்கள் என்று முதலிலேயே எடுத்துக்கொண்டு எழுது. உங்கள் கட்டடத்தில் இருக்கிற யாரும் வீட்டுக்கு ஒரே போன் என்று வாழ்ந்ததில்லை போலிருக்கிறது, அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை. எண்ணோடு சேர்த்து டியூபின் நிறத்தையும் பார்க்கிற கேமராவை வை. ரத்தம் எடுத்தவள் சந்தேகப்பட்டால் ரிப்போர்ட்டை நிறுத்துவதற்கு அவள் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு பொத்தான் வை, யாரிடமும் அனுமதி கேட்காமல் அவள் அழுத்தும்படி. இதற்கெல்லாம் வந்து உட்கார், எனக்குத் தெரிந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். உன் மெஷின் ஆயிரம் ரிப்போர்ட்டைப் பார்த்து என்னிடம் கொடுக்கட்டும். ஆனால் என் பெயரில் ஒன்று வெளியே போவதற்கு முன் நான் பார்ப்பேன். முடியாது, அவ்வளவு நேரம் இல்லை, திட்டம் படுத்துவிடும் என்றால், படுக்கட்டும். உன் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்றும் தெரியும். அதற்காக வருத்தப்படுகிறேன், மனதார வருத்தப்படுகிறேன். என்றாலும் போட மாட்டேன். டாக்டர் என்னை வேண்டாம் என்று சொன்னால் என் வெள்ளைக் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு வருவேன், கையெழுத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வருவேன். மற்ற டெக்னீஷியன்களுக்கும் இதையே சொல்கிறேன். உங்கள் பிள்ளையே வந்து நீட்டினாலும் போடாதீர்கள்.

கடைசியாக உனக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். முதல் தேதி காலை ஆறரைக்கு லேபுக்கு வா. உன் சாஃப்ட்வேரை ஓட்டு. முதல் சாம்பிள் என்னுடையது. நானே கை நீட்டுகிறேன். டியூபை யாரும் பார்க்க வேண்டாம், எண்ணை யாரும் படிக்க வேண்டாம், அது தானே முடிவு பண்ணட்டும். வருகிற ரிப்போர்ட்டை அப்படியே டாக்டரிடம் கொடுக்கிறேன், அவர் எழுதுகிற மருந்தை உன் கண்ணெதிரே விழுங்குகிறேன். ஆனால் இடது பக்கத்தில், 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில், உன் பெயரை உன் கையால் எழுது. எழுத முடிந்தால் பதினான்கு லேபுக்கும் உன் பெயரே இருக்கட்டும், என்னை இனிமேல் கேட்காதே. கை நின்றுவிட்டால், அது ஏன் நின்றது என்று உன் கம்பெனியில் போய்ச் சொல்.

அம்மா